விட்டுக்கொடுப்பதா, விட்டுவிடுவதா?

ஆங்கில மொழியில் நீளமான சொற்களைக் கண்டு நாங்கள் அஞ்சுவதில்லை. எவ்வளவு கடினமான சொல்லானாலும் அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டு, பத்து முறை எழுதிப் பார்த்து மனத்தில் இருத்திக்கொள்வோம். எங்களை ஆட்டிவைப்பவை சின்னஞ்சிறு சொற்கள்தாம். 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. எல்.கே.ஜி. குழந்தைக்கும் இவை தெரியும். ஆனால் 'கிவ் அப்' என்று இரண்டும் கைகோத்து வந்துவிட்டால், அங்கே கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட நாங்களே விழிக்கிறோம்.

எங்கள் ஆண்டு விழா ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். நிகழ்ச்சிகளை அறிவித்துக்கொண்டிருந்த அக்கா, நடனமாடி முடித்த சிறுமிகளைக் காட்டி, "கிவ் இட் அப்!" என்று ஒலிபெருக்கியில் உற்சாகமாகக் கூவினார். எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் பக்கத்தில் இருந்தவரிடம், "புள்ளைங்க நல்லாத்தானே ஆடுச்சுங்க, எதுக்கு விட்டுடச் சொல்றாங்க?" என்று கவலையோடு கேட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். 'பலமாகக் கைதட்டுங்கள்' என்பதும் அதே சொற்களுக்கு ஒரு பொருள் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப் பேருக்கே அன்றுதான் தெரிந்தது.

அதன்பின் அந்தச் சொல்லை நாங்கள் விடவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து அதன் பொருள்களைத் திரட்டினோம். ஒருவர் புகைபிடிப்பதை நிறுத்தினால் 'கிவ் அப்'. பேருந்தில் முதியவருக்கு எழுந்து இடம் கொடுத்தால் அதுவும் 'கிவ் அப்'. திருடன் காவலரிடம் தானே சரணடைந்தாலும், காணாமற்போனவர் இனி வரமாட்டார் என்று வீட்டார் முடிவு செய்தாலும், விடுகதைக்கு விடை தெரியாமல் கையை விரித்தாலும், மன்னர் எட்டாம் எட்வர்டு 1936-இல் அரியணையைத் துறந்தாலும் எல்லாம் 'கிவ் அப்'. நம் ஆண்டவர் சிலுவையில் உயிர் துறந்ததை ஆங்கில விவிலியங்கள் பல இந்த வினையைக் கொண்டுதான் சொல்கின்றன.

இன்னொரு வேடிக்கையையும் கண்டோம். "அவர் கிவ் அப் செய்தார்" என்று வெறுமனே நிறுத்தினால் அவர் தோற்றார் என்று பொருள். "அவர் குடிப்பழக்கத்தை கிவ் அப் செய்தார்" என்றால் அவர் வென்றார்! எதை விட்டார் என்ற ஒன்றைச் சேர்த்தவுடன் தோல்வி வெற்றியாகிவிடுகிறது.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை என்று தோழியர் மனம் சோர வேண்டாம். ஆங்கிலேயர்களின் பேரகராதியை 1755-இல் வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வகைச் சொற்கள் அயல் நாட்டாருக்குப் பெருந்தொல்லை தருபவை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். நம் கைக்குழப்பத்துக்கு 270 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரறிஞர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார் எனலாம்.

நம் தமிழ் மட்டும் எளிதா என்ன? 'விடு' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். பட்டம் விடுகிறோம், மூச்சு விடுகிறோம், கொட்டாவி விடுகிறோம். மாலையில் பள்ளி விடுகிறது. மழை விடுகிறது. செடி தளிர் விடுகிறது. சிலர் கதை விடுகிறார்கள். சண்டை வந்தால் தோழியிடம் 'டூ' விடுகிறோம். சாப்பிட்டுவிட்டோம் என்னும்போது அதே 'விடு' வேலை முடிந்ததைக் காட்டும் துணைவினையாகி நிற்கிறது. வானகரம் வழியாகச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே போனால் வேப்பேரி வரும். அங்கேதான் ஜெர்மானியரான ஃபாப்ரிசியஸ் தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதியை 1779-இல் அச்சிட்டார். அவருக்கும் முன்பே, 1732-இல், நம் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த அந்தப் பெரியோர்கள் நம் 'விடு'வோடு எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்களோ! அவர்கள் தமிழைக் கற்கும்போது முதலில் தவறு செய்யாமலா இருந்திருப்பார்கள்?

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்லப்போவது வேடிக்கையன்று.

சென்ற ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில், சாம்பல் புதனுக்கு மறுநாள், எங்கள் வகுப்புச் சகோதரி ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். இந்த நாற்பது நாளும் எதை 'கிவ் அப்' செய்யப்போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். சாக்லேட், ஐஸ்கிரீம், தொலைக்காட்சித் தொடர், கைப்பேசி, இறைச்சி என்று எழுதினோம். ஒருத்தி பொய் சொல்வதை என்று எழுதியிருந்தாள். சகோதரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு காகிதத்தில், "ஐ கிவ் அப் மை ஸ்டடீஸ்" என்று இருந்தது.

வகுப்பே சிரித்தது. படிப்பை விடுவதாவது! யாரோ இலக்கணம் தெரியாமல் எழுதிவிட்டாள் என்று எண்ணினோம். சகோதரி சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை மடித்துத் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

அவள் எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அண்ணனைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். இருவருக்கும் செலவழிக்க வீட்டில் வசதி இல்லை. "பொம்பளப் புள்ளதானே, நீ கொஞ்சம் விட்டுக்கொடும்மா" என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவளும் சரி என்றுவிட்டாள். பள்ளியில் தியாகம் நல்லது என்று கேட்டாள். வீட்டில் விட்டுக்கொடு என்று கேட்டாள். இரண்டும் ஒன்றென நினைத்து, தன் படிப்பையே தவக்காலக் காணிக்கையாக எழுதிவிட்டாள். நாங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறோம்.

அன்றிலிருந்து எங்கள் மனத்தில் ஒரு கேள்வி. பள்ளிச் சுவரில் 'நெவர் கிவ் அப்' என்று வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஒருபோதும் விடாதே! தவக்காலம் வந்தால் எதையேனும் விடு என்கிறோம். வீட்டுக்குப் போனால் விட்டுக்கொடு என்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் இந்த மூன்றில் எதைக் கேட்பது?

ஆங்கிலம் ஒரே பையில் போட்டு வைத்திருப்பதைத் தமிழ் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது என்பது எங்கள் கருத்து. கெட்ட பழக்கத்தை விட்டுவிடுகிறோம். பிறருக்காக நம் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். இறைவனுக்காக உலக இன்பத்தைத் துறக்கிறோம். காக்க வேண்டியதைக் காக்காமல் போனால் கைவிடுகிறோம். விட்டுக்கொடுத்தல் என்பதில் 'கொடுத்தல்' இருக்கிறது. கொடுக்கும் கை நம்முடையதாக இருக்க வேண்டும். நாமே மனமுவந்து கொடுத்தால் அது தியாகம். வேறொருவர் நம் கையிலிருந்து எடுத்து அதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயர் வைத்தால் அது தியாகம் ஆகாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி ஆனார். 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது அந்தப் பதவியைத் தாமாகவே விட்டு விலகினார். பதவியை விட்டாரேயன்றித் தம் நோக்கத்தைக் கைவிட்டாரா? ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். அவர் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் அவர் முயற்சியால் எழுந்தது. சிறு வயதில் "படிப்பை விட்டுக்கொடு" என்ற பேச்சுக்கு அவர் தலையாட்டியிருந்தால் பின்னால் விட்டுக்கொடுக்க அவரிடம் என்ன இருந்திருக்கும்?

நம் திருச்சபையில் புனித மாக்சிமிலியன் கோல்பே இருக்கிறார். 1941-இல் ஆஷ்விட்ஸ் சிறை முகாமில் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். குருவானவரான கோல்பே முன்னே வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அவ்வாறு பிழைத்தவர் 1982-இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது உரோமையில் நேரில் இருந்தார். கோல்பேயை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் தாமே அடியெடுத்து வைத்தார்.

அவ்வளவு பெரிய உதாரணம் வேண்டாம் என்றால் நம் சமையலறைக்கே வருவோம். 2015-இல் மத்திய அரசு 'கிவ் இட் அப்' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் நடத்தியது. வசதி உள்ளவர்கள் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுத்தால், விறகடுப்புப் புகையில் வாடும் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பு கிடைக்கும் என்றார்கள். அடுத்த ஆண்டுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. இதில் உள்ள நியாயத்தைக் கவனியுங்கள். இருப்பவர் விட்டார், இல்லாதவர் பெற்றார். நம் வீடுகளிலோ பல சமயம் இது தலைகீழாக இருக்கிறது. குறைவாகப் பெற்றவளையே இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடு என்கிறோம். அண்ணனிடமோ தம்பியிடமோ அந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

பெற்றோர்களே, எங்களைத் தவறாக எண்ண வேண்டாம். உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகும் அப்பாவையும், தனக்கென்று ஒரு நல்ல புடவை வாங்கிக்கொள்ளாத அம்மாவையும் தினமும் பார்க்கிறோம். எங்களுக்காக நீங்கள் விட்டுக்கொடுத்தவை ஏராளம். அதனால்தான் விட்டுக்கொடுத்தலின் அருமை எங்களுக்கும் தெரிகிறது. பண்டிகைக்குப் புதுத் துணி வேண்டாம் என்றால் விட்டுக்கொடுக்கிறோம். சுற்றுலா வேண்டாம் என்றாலும் சரி. படிப்பை மட்டும் கேட்காதீர்கள். துணியை அடுத்த பண்டிகைக்கு வாங்கிக்கொள்ளலாம். நின்றுபோன படிப்பை மறுபடி தொடர்வது எவ்வளவு அரிது என்பதை உங்களில் பலர் உங்கள் வாழ்க்கையிலேயே கண்டிருப்பீர்கள்.

ஆசிரியப் பெருமக்களிடமும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆங்கில வினைகளை நெட்டுருப் போடும் பட்டியலாகத் தராமல், ஒவ்வொரு பொருளுக்கும் நேரான தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் வைத்துக் கற்பிக்க வேண்டுகிறோம். ஆங்கில வகுப்பில் தமிழைக் கொண்டுவந்தால் ஆங்கிலம் கெட்டுவிடாது. அன்று எங்களில் ஒருவராவது அந்த வாக்கியத்தைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.

தோழியரே, ஒருத்தி ஆங்கிலத்தில் தடுமாறினால் நாம் சிரிப்பதை விட்டுவிடுவோம். இந்தத் தவக்காலத்துக்கு அதைவிட நல்ல ஒறுத்தல் இல்லை.

அந்தத் தோழி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். சகோதரி அவள் தந்தையை இரண்டு சனிக்கிழமைகள் அழைத்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அவள் இப்போது எங்களோடு பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கலாம் என்று வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். இந்தக் கட்டுரையை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டினோம். அவள் சம்மதித்த பிறகே இது அச்சுக்குப் போகிறது.

தமிழ் வகுப்பில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் படித்தோம். கெடு என்பது கேடு ஆகும். சுடு என்பது சூடு ஆகும். விடு என்பது வீடு ஆகும். நம் முன்னோர் அறம், பொருள், இன்பத்தின் முடிவில் அந்த வீட்டைத்தான் பேரின்பமாக வைத்தார்கள். நாம் குடியிருக்கும் இடத்துக்கும் அதே பெயர். அப்படியானால், எதை விட வேண்டும், எதை விடக்கூடாது என்பதை நமக்குச் சரியாகக் கற்றுத்தர வேண்டிய முதல் இடமும் வீடுதான் அல்லவா?

பத்தாம் வகுப்பு மாணவி,
வானகரம்.