கட்டுமானத் தளங்களில் எச்சரிக்கைப் பலகைகளுக்கும் நிறக்குறிகளுக்கும் ஒரே முறை கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
கட்டுமானத் தொழிலாளர் சங்கம், சென்னைப் புறநகர்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை.

நகல்: செயலாளர், தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம்.

பொருள்: சிறிய, நடுத்தரக் கட்டுமானத் தளங்களிலும் பாதுகாப்புப் பலகைகளையும் நிறக்குறிகளையும் கட்டாயமாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயின்டர் எனப் பலரும் எங்கள் சங்கத்தில் இருக்கிறோம். இந்த வாரம் ஒரு மேஸ்திரியிடம், அடுத்த வாரம் வேறொருவரிடம் என்று தளம் மாறிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு தளத்தில் பழகிய எச்சரிக்கை அடுத்த தளத்தில் செல்லுபடியாவதில்லை. ஓரிடத்தில் பச்சை ஹெல்மெட் போட்டவர் பாதுகாப்பு அலுவலர். பக்கத்துத் தளத்தில் அதே பச்சை புதிதாக வந்த ஆளுக்கு. ஓரிடத்தில் சிவப்பு நாடா கட்டினால் உள்ளே போகவே கூடாது. இன்னோரிடத்தில் கைக்குக் கிடைத்த நாடாவைக் கட்டியிருப்பார்கள், எல்லோரும் தாண்டித்தான் போவார்கள்.

எச்சரிக்கைப் பலகைகளுக்கான முறை நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 9457 அதை வகுத்திருக்கிறது. சிவப்பு வளையமும் குறுக்குக்கோடும் தடை. நீல வட்டம் கட்டாயம். மஞ்சள் முக்கோணம் ஆபத்து. பச்சைப் பலகை வெளியேறும் வழி, முதலுதவி. நிறத்தோடு வடிவமும் சேர்வதால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் அது பயன்படும். பெரிய திட்டங்களில் இவற்றைப் பார்க்கிறோம். நான்கு மாடிக் குடியிருப்பு எழும் தளத்தில் பார்ப்பதில்லை. பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் கடமை, 1996-இன் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால்தான் வந்தது; 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 250 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால்தான் வருகிறது. இருபது, முப்பது பேர் வேலை செய்யும் தளத்தில் எச்சரிக்க அப்படி ஓர் ஆளே இல்லை. எனவே அங்கேதான் பலகை அதிகம் தேவை.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க், தண்ணீர்ச் சம்ப். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுப் பல நாள் கழித்து, சென்ட்ரிங் பலகை பிரிக்க ஓர் ஆள் இறங்குவார். கழிவே சேராத தொட்டிதானே என்ற தைரியம். மூடிக்கிடந்த தொட்டிக்குள் ஈரப்பலகை மட்கி, தேங்கிய நீர் கெட்டு, ஆக்சிஜன் குறைந்திருக்கும். இறங்கியவர் பேச்சில்லாமல் சாய்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்வார். தமிழ்நாட்டில் இத்தகைய சாவுகள் திரும்பத் திரும்பச் செய்தியாகின்றன. அந்த இரண்டடி வாயருகே ஒரு மஞ்சள் முக்கோணமும், இறங்கத் தடை சொல்லும் சிவப்பு வளையமும் இருந்தால், மேலே நிற்பவர் ஒரு கணமாவது தயங்குவார். காற்றைச் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்திய பிறகே அந்தத் தடைப் பலகையை எடுக்க வேண்டும் என்று ஆணையிடும்படி வேண்டுகிறோம். எங்கள் கோரிக்கைகளில் இதையே முதலில் வைக்கிறோம்.

அடுத்தது மொழி. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். எந்தப் பலகையும் அந்தக் கட்டடத்தைத் தாங்கியிருக்காது என்பதை அறிவோம். ஆனால் நம் தளங்களில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை அன்று ஊரே பார்த்தது. இன்றும் பல தளங்களில் ஆங்கிலத்தில் மட்டுமே வாசகம் இருக்கிறது. படமே முதன்மையாக இருக்கட்டும். அதன்கீழ்த் தமிழும், அந்தத் தளத்தில் உள்ளவர்களின் மொழியும் இருக்கட்டும்.

சாரத்துக்கு அட்டை முறை வேண்டும்: ஏறலாம் என்றால் பச்சை, கூடாதென்றால் சிவப்பு. சோதித்தவர் பெயரும் தேதியும் அதில் எழுதப்பட வேண்டும். பலத்த மழை, காற்றுக்குப் பின் மறுபடி சோதிக்கும்வரை சிவப்பே தொங்க வேண்டும். ஹெல்மெட் நிறங்களுக்கு மாநிலம் முழுதும் ஒரே பட்டியல் வெளியிடுங்கள். சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கும் சித்தாள் பெண்களுக்குப் பல தளங்களில் ஹெல்மெட்டே தருவதில்லை. சுமை நிற்காது என்கிறார்கள். அப்படியானால் சுமையைத் தள்ளுவண்டியிலும் ஹாய்ஸ்டிலும் ஏற்றட்டும். நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பெண்கள் தலைக்கு ஹெல்மெட் வர வேண்டும்.

கட்டட அனுமதி வழங்கும்போதே இவற்றை நிபந்தனையாகச் சேர்க்க, உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தங்கள் இயக்ககம் பரிந்துரைக்க வேண்டும். புதிய தளத்தில் சேரும் முதல் நாள், பலகைகளைக் காட்டி விளக்க அரைமணி நேரம் ஒதுக்கி, அதற்கும் கூலி தரச் செய்ய வேண்டும். பலகைச் செலவு கட்டுபவரையும் ஒப்பந்ததாரரையும் சேர்ந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதமாக வாரியத்துக்கு வரும் நல நிதி எங்கள் குடும்பங்களின் கல்விக்கும் ஓய்வூதியத்துக்கும் உரியது. அதில் இதற்காகக் கைவைக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அஸ்திவாரக் குழிகளில் நீர் நிறைந்து விளிம்பே தெரியாது. ஆகவே மழைக்கு முன்பாகவே அலுவலர்கள், கட்டுநர்கள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து அமரும் முத்தரப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்டும்படி வேண்டுகிறோம். அக்கூட்டத்துக்கு எங்கள் தரப்பில் ஒரு கொத்தனாரையும், ஒரு சித்தாளையும், ஒடியா பேசும் தொழிலாளி ஒருவரையும் அனுப்பச் சித்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்.