பெரிய டயர் போட்டால் போதுமா?

தோட்டங்களில் இப்போது ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. மேட்டு நிரைகளுக்குப் போன வண்டி கல்லில் சிக்கி நின்றுவிட்டதா, டயர் கிழிந்துவிட்டதா, அடியில் அச்சு இடித்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்லப்படுகிறது: "பெரிய டயராகப் போடு!" மானேஜர் சொல்கிறார், வண்டிக் கன்டிராக்டர் சொல்கிறார், டயர் கடைக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம்முடைய இளம் டிரைவர்களும் அதையே சொல்கிறார்கள். பெரிய டயர் மாட்டிய வண்டி பார்வைக்கு யானைபோல் கம்பீரமாக இருக்கிறது என்பதை நாமும் மறுக்கவில்லை.

டயருக்கும் தொழிற்சங்கப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்த வண்டியை ஓட்டுகிறவர் யார்? விடியுமுன் அதில் ஏறி மேட்டுக்குப் போகிறவர் யார்? தொட்டி நிறையப் பாலுடன் வண்டி நடுவழியில் நின்று, அமோனியா போதாமல் பால் உறைந்து கட்டியாகிவிட்டால், அந்த நஷ்டம் கடைசியில் யார் தலையில் வந்து விடிகிறது? சமதரையைச் செம்பனை பிடித்துக்கொண்டபின், பல தோட்டங்களில் பால்மரம் மிஞ்சி நிற்பது மேட்டிலும் சரிவிலும்தான். அங்கே போகும் சடக்கு மழைக்கு மழை மண் கரைந்து, கருங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே டயர் நம்முடைய விஷயந்தான்.

பெரிய டயரால் பயனே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. அதற்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானாலும், பின் அச்சின் நடுவே தொங்கும் கியர் உருண்டைதான் கல்லில் முதலில் இடிபடும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல் உயருமே தவிர அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதோடு, சிறிய சக்கரம் முட்டி நிற்கும் கல்லின்மேல் பெரிய சக்கரம் சுலபமாக ஏறி உருண்டு போகும். இவை இரண்டும் மறுக்க முடியாத லாபங்கள்.

ஆனால் எவ்வளவு லாபம்? கிராணி வேலை பார்க்கிறவர்களாகிய நமக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. பழைய பிக்கப் வண்டிகளில் 235/75 ஆர் 15 என்று எழுதிய டயரைப் பலரும் பார்த்திருப்பார்கள். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் முழு உயரம் ஏறத்தாழ 733 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டால் சக்கரம் 54 மில்லிமீட்டர் வளர்கிறது. அச்சு உயர்வதோ அதில் பாதி, 27 மில்லிமீட்டர். கட்டைவிரல் அகலத்துக்குச் சற்று அதிகம். 33 அங்குலம் போட்டால் அச்சு 52 மில்லிமீட்டர் உயரும். அவ்வளவுதான். முழங்கால் உயரக் கல்லைத் தாண்டிவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

இந்த இரண்டு அங்குலத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வண்டியின் மீட்டர் சக்கரம் சுற்றும் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது; சடக்கை அளப்பதில்லை. 29 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 33 அங்குலம் மாட்டினால், மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 68 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் தாம் நிதானமாகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார். தூரக் கணக்கும் அப்படியே. உண்மையில் 114 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மீட்டர் 100 என்றே எழுதும்.

இங்கேதான் நம் டிரைவர் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். டீசல் செலவாவது 114 கிலோமீட்டருக்கு. லாக் புத்தகத்தில் ஏறுவது 100 கிலோமீட்டர். மாதக் கடைசியில் ஆபீசில் கணக்குப் பார்ப்பவர், "போன மாதம்வரை சரியாக இருந்ததே, இந்த மாதம் டீசல் இப்படி எகிறியிருக்கிறதே" என்று புருவத்தை உயர்த்துவார். டயர் மாற்றிய பில் ஒரு பைலில் இருக்கும். டீசல் கணக்கு இன்னொரு பைலில் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் யோசனை எவருக்கும் வராது. டீசல் திருடியதாக டிரைவர்மேல் பழி வரும். கனத்த டயரை உருட்ட எஞ்சின் உண்மையாகவே கூடுதலாகக் குடிப்பது போக, மீட்டர் பொய் சொல்வதாலேயே நூற்றுக்குப் 12 பங்குக்குமேல் குறைவாகக் கணக்கு ஏறுகிறது. கிலோமீட்டர் கணக்கில் கூலி வாங்கும் கன்டிராக்ட் டிரைவருக்கோ ஓடிய தூரத்துக்கே கூலி குறைந்துபோகும். கிராணிமார் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதனின் நாணயத்தைச் சந்தேகிப்பதற்கு முன் டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் போய்ப் படித்துவிட்டு வருவது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பிரேக். சக்கரம் உயர உயர, அதே மிதிக்கு அதே பிரேக் தரையில் பிடிக்கும் பலம் குறைகிறது. 29-லிருந்து 33-க்குப் போனால் எட்டில் ஒரு பங்கு குறையும். ஏற்றத்தில் இழுக்கும் பலமும் அதே அளவு குறையும். ஆகவே ஒரு கியர் இறக்கி, கிளட்சைத் தேய்த்து ஏற வேண்டியிருக்கும். ஏறும்போது வண்டி திணறினால் நேரந்தான் போகும். இறங்கும்போது பிடிக்காவிட்டால் உயிர் போகும். அதிலும் நமது வண்டி வெறும் வண்டியன்று. 1000 லிட்டர் பால் என்பது ஏறத்தாழ ஒரு டன். அது மூட்டைபோல் அடங்கிக் கிடக்கும் சரக்கும் அன்று; முக்கால் தொட்டிப் பால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மோதும். அந்தத் தொட்டியை இன்னும் இரண்டு அங்குலம் உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு சக்கரம் கல்லின்மேலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாகச் சரிவில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பால் தொட்டிக்குப் பக்கத்தில் ஆட்களையும் ஏற்றும் பழக்கத்தை நாம் எக்காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அப்படியானால் கல் சடக்குக்கு எதைப் பார்த்து டயர் வாங்குவது? உயரத்தைவிடப் பக்கச் சுவரைப் பாருங்கள் என்பதே நமது பதில். கல் சடக்கில் டயர் சாவது பெரும்பாலும் தரையைத் தொடும் முகத்தில் அன்று, விலாவில்தான். கூர்மையான கல் விலாவைக் கிழித்துவிட்டால் ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது. அந்த டயர் முடிந்தது. ஆகவே உள்ளே எத்தனை பலத் துணி இருக்கிறது, என்ன பாரம் தாங்கும் என்பதே முதற்கேள்வி. டயரின் விலாவிலேயே இதற்கு ஓர் எண் உண்டு. 104 என்றால் அந்த ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 112 என்றால் 1120 கிலோ. பாரவண்டி டயர்களில் 6 பிளை, 8 பிளை, 10 பிளை என்றும் சொல்வார்கள். இன்று அது உள்ளே இருக்கும் துணி அடுக்கின் எண்ணிக்கையன்று, பலத்தின் அளவு. இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டிய கேள்வி அது. பார்வைக்குப் பெரியதாயும் பாரம் தாங்குவதில் சிறியதாயும் உள்ள டயர்கள் கடையில் உண்டு. காரில் உல்லாசமாகப் போகிறவருக்கு அது போதும்; ஒரு டன் பாலுக்குப் போதாது.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. புது பிக்கப்புகள் 17, 18 அங்குல ரிம்முடன் பளபளவென்று வருகின்றன. பெரிய ரிம் என்றால் பெரிய டயர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வெளி உயரம் அதேயாக இருந்து ரிம் பெரிதானால் குறைவது டயரின் சதைதான். கல்லின் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லாமல் ரிம்மே போய் இடிக்கும். கல் சடக்குக்குச் சின்ன ரிம்மும் உயரமான விலாவுமே ஏற்றவை.

சேற்றுக்கென்று செய்த டயர்களில் பற்கள் பெரிதாய், இடைவெளி அகலமாய் இருக்கும். ஈரக் களிமண்ணில் அது அருமையாக வேலை செய்யும். கூரிய கல்லிலோ அந்தப் பற்கள் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். தார்ச் சடக்கில் இரைச்சலோடு சீக்கிரம் தேயும். ஆலைக்குப் போகத் தார்ச் சடக்கும், நிரைக்குப் போகக் கல்லும், மழைக்காலத்தில் சேறும் என்று மூன்றிலும் ஓடும் நம் வண்டிகளுக்கு இடைத்தரமான பற்களே போதும். காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு ஏறும் என்று அனுபவமுள்ள டிரைவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அது வெற்று வண்டிக்குப் பேசும் பேச்சு. பாரத்தோடு காற்றைக் குறைத்தால் விலா பிதுங்கி, கல்லுக்கு வசதியாகப் போய்விடும். அப்படியே தார்ச் சடக்கில் ஓட்டினால் சூடேறி வெடிக்கும். ஸ்டோரில் காற்று அளக்கும் கருவி ஒன்றும் காற்றுப் பம்பு ஒன்றும் இல்லாத தோட்டம் விலையுயர்ந்த டயர் வாங்கி என்ன செய்யப்போகிறது?

ஐந்தாவது டயரையும் மறந்துவிடக் கூடாது. நான்கு புது டயர் வாங்கி மாட்டிவிட்டு, ஸ்பேர் மட்டும் பழைய அளவில் தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதானால் கியர் உருண்டைக்குள் பற்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அப்போது மிச்சம் பிடித்த ஒரு டயரின் விலை எங்கேயோ போய்விடும். டயர் வாங்கும்போது வயதையும் பாருங்கள். விலாவில் உள்ள கடைசி நான்கு எண்கள் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் மூலையில் கிடந்து காய்ந்த டயர் பளபளப்பாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாரவண்டி டயரில், காருக்குரிய டயரைவிட, மரத்துப் பாலின் பங்கு அதிகம். செயற்கை ரப்பர் எத்தனையோ வகை வந்தும், உள்ளே சூடேறாமல் இருப்பதிலும் கிழிசல் பரவாமல் தாங்குவதிலும் நம் பாலுக்கு ஈடு வரவில்லை. பிரான்சு நாட்டு மிஷெலின் கம்பெனி 1946-இல் காப்புரிமை பதிவு செய்த ரேடியல் டயர் பரவிய பிறகு அதன் தேவை இன்னும் கூடியது. அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய பால்தான் கல்லோடு மோதும் அந்தக் கறுப்புச் சக்கரத்தில் இருக்கிறது. அதைச் சீவியவர்களின் உயிர் அதன்மேல் ஏறிப் போகும்போது, எந்த டயர் என்று தீர்மானிப்பதில் அவர்களுக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லை என்பது விந்தையல்லவா?

நமது யோசனை இது. டயரை ஒரு படி உயர்த்தலாம். 29-லிருந்து 31 வரை, வண்டி செய்தவர் அனுமதித்த அளவுக்குள். அதற்குமேல் போவதானால் பிரேக், கியர், மீட்டர் மூன்றையும் மாற்றியமைத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் இன்சூரன்சிடமும் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே போக வேண்டும். மட்கார்டை ரம்பத்தால் அறுத்து இடம் பண்ணுவது வேலை தெரிந்தவர் செய்யும் காரியமன்று. அதோடு, டயருக்குச் செலவிடும் வெள்ளியில் ஒரு பகுதியைச் சடக்குக்குச் செலவிடட்டும். ஓரத்தில் கான் வெட்டித் தண்ணீரை ஓடவிட்டு, துருத்திய கல்லை உடைத்து, பள்ளத்தில் சிறு கல் நிரப்பினால், அந்தப் பலன் ஒரு வண்டிக்கு மட்டுமன்று; மோட்டார் சைக்கிளில் பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறவனுக்கும் உண்டு. பெரிய டயரைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறவர்கள் சடக்கைப் பற்றிப் பேசாதது ஏன் என்பது நமக்கு விளங்காமலில்லை. டயர் ஒரு பில். சடக்கு வருஷா வருஷம் வரும் செலவு.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, உடனடி ஆபத்து இருக்கிறதென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ள வேலையாளுக்கு உரிமை உண்டு. விலாவில் துணி தெரியும் டயரோடு பாலை ஏற்றிச் சரிவில் இறங்கச் சொன்னால், அது எந்த வகை ஆபத்து என்று கமிட்டியில் கேளுங்கள். நம்மோடு வண்டியில் ஏறும் வங்காளதேச, இந்தோனேசியச் சகோதரர்களுக்கும் இதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லி வையுங்கள். அவர்களில் பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது.

ஏற்கெனவே பெரிய டயர் மாட்டிவிட்ட தோட்டங்களில் இந்த மாதக் கணக்கை மூடுமுன் ஒரு காரியம் செய்ய வேண்டும். அளந்து வைத்த ஒரு தூரத்தில் வண்டியை ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று மானேஜர் முன்னிலையில் பார்த்து, அந்த வித்தியாசத்தை லாக் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பழைய டயரின் அளவு, புது டயரின் அளவு, மாற்றிய தேதி மூன்றும் அதன்கீழே இருக்கட்டும்.