ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள்!

அந்நாளில் ஊருக்கு ஒரு வட்டிக்கடை. அந்த வட்டிக்கடைக்கு ஒரு பேரேடு. எழுதியவர் அவர், கூட்டியவர் அவர், முடிவு கூறியவரும் அவரே! கைநாட்டு வைத்தவனுக்கோ, அந்த ஏட்டை எட்டிப் பார்க்கவும் உரிமையில்லை. "இன்னும் பாக்கி" என்பார் அவர். தலைகுனிந்து திரும்புவான் ஏழை.

அந்தப் பேரேடு இன்று மறைந்துவிட்டதா? இல்லை, தோழர்களே, வளர்ந்துவிட்டது! 2000-ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள், கடன் பெற்றோரின் கணக்குகளைத் திரட்டி, 300 முதல் 900 வரை ஆளுக்கோர் எண் வழங்குகின்றன. மகளின் படிப்புக்குக் கடன் வேண்டுமா? குடியிருக்க வீடு கட்டக் கடன் வேண்டுமா? மனுவை நீட்டியதும் வங்கி பார்ப்பது நம் முகத்தையல்ல, அந்த எண்ணை!

அதனை ஏற்றவும் இறக்கவும் வல்லது, நம் சட்டைப்பையிலே கிடக்கும் கடன் அட்டை. வரம்பு 1,00,000 ரூபாய் என்றதும், வருமானமே பெருகிவிட்டதாக மகிழ்கிறோம். வரம்பு வருவாயன்று, வாங்கக்கூடிய கடனின் எல்லை! எல்லைவரை ஓடுகிறவனைக் கண்டால் ஏடு ஐயுறும். ஆகவேதான் விவரமறிந்தோர், 1,00,000-க்கு 30,000-க்குள் நின்றுகொள்ளுங்கள் என்கின்றனர்.

மாதக் கணக்கு வந்ததும், 'குறைந்தபட்சத் தொகை' என்றொரு வரி கனிவாய்ச் சிரிக்கும். 20,000 ரூபாய் பாக்கியில் 1,000 மட்டும் கட்டுவதாகக் கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதமானால், வட்டிக்குப் போனது 700. வட்டியின்மீது வரி 126. கடனில் கழிந்ததோ வெறும் 174! உழைத்துக் கொடுத்தது ஆயிரம். ஒழிந்த கடன் இருநூறுகூட இல்லை! முழுத் தொகையையும் உரிய நாளில் கட்டுங்கள். எண்ணை உயர்த்த அதனினும் சிறந்த மந்திரம் எவரிடமும் இல்லை.

கடமையைச் சொன்னேன்; உரிமையைச் சொல்ல வேண்டாமா? அன்று கைநாட்டுக்காரனுக்கு இல்லாத உரிமையை, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தந்தது. 2017 முதல், ஆண்டுக்கொரு முறை, அந்த நான்கு நிறுவனங்களிடமிருந்தும் முழு அறிக்கையை இலவசமாகவே பெறலாம். நம் அறிக்கையை நாமே கேட்டுப் பார்ப்பதால் எண் குறையாது. பிழை கண்டால் முறையிடலாம். 30 நாளில் தீராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023-ஆம் ஆண்டு ஆணை. நம் இசைவின்றி அட்டையின் வரம்பை உயர்த்தலாகாது என்பது 2022-ஆம் ஆண்டு விதி.

கடனே வாங்காதவருக்கு ஏட்டில் எண்ணே இல்லை. அதனால் அவர் நாணயமற்றவரா? நாள் தவறாது வாடகை தந்தவர், கைமாற்றைச் சொன்ன சொல்லுக்குத் திருப்பியவர், அவரா நாணயமற்றவர்? முதன்முறை கடன் கேட்போரை, முன்கணக்கு இல்லை என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாதென்று 2025-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறிற்று. அங்கே கூறியது, கிளை மேலாளரின் மேசைவரை வந்து சேர்ந்ததா? அதைக் கேட்பது நம் வேலை!

இந்த ஞாயிறன்றே உங்கள் அறிக்கையை வாங்குங்கள், வரிவரியாகப் படியுங்கள், வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் உடனே முறையிடுங்கள். நம்மை எடை போடுவோரின் தராசை நாமும் பார்ப்போம்!