வந்தவரைக் கேட்டுச் செய்: விக்கிரவாண்டிப் பிரகடனம்

விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் வட்டாரங்களில் மனநல ஆலோசகர்களாக வேலை பார்ப்பவர்களும், சிகிச்சை எடுத்தவர்களும், அவர்களுடைய வீட்டாரும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம். கொள்கை ஒன்றுதான்: வந்தவரைக் கேட்காமல் அவருடைய மனநலச் சிகிச்சையை யாரும் முடிவு செய்யக் கூடாது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஒரு பெண்ணை அழைத்து வருகிறார்கள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "தூங்குதா? சாப்பிடுதா?" என்று கேள்வி மாமியாருக்குப் போகிறது. "ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினே இருக்குது சார்" என்கிறார் மாமியார். மருந்துச்சீட்டு கணவர் கைக்குப் போகிறது. அந்தப் பெண் வாய் திறந்து சொன்னது தன் பெயரை மட்டும். ஏன் தூக்கம் வரவில்லை என்று அவரையே கேட்டிருந்தால், குழுக் கடன் தவணை வரும் கிழமையைச் சொல்லியிருப்பார்.

வீட்டாரை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. பின்லாந்தின் மேற்கு லாப்லாந்தில் 1980-களிலிருந்து வளர்ந்த திறந்த உரையாடல் முறையில் குடும்பமும் சிகிச்சைக் குழுவும் ஒன்றாகவே உட்காருகிறார்கள். நோயாளி இல்லாத இடத்தில் அவரைப் பற்றி முடிவு எடுப்பதில்லை. இங்கும் மாமியார் இருக்கட்டும், மருமகளும் பேசட்டும்.

1979-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின், சிகிச்சை என்னும் கூட்டு வேலைக்கு மூன்று தேவை என்றார்: எது மாற வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கை. ஆகவே "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்வோம். நோய்ப்பெயர் பிறகு வரட்டும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் "இன்னைக்குப் பேசினதுல எது உதவுச்சு, எது உதவலை?" என்று கேட்போம். "பரவால்ல சார்" என்ற பதிலை ஏற்க மாட்டோம். நம் ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. மறுபடியும் கேட்போம்.

மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று போய்விட்டு எங்களிடம் வருகிறவர்கள் பலர். கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்ல மாட்டோம். அங்கே என்ன ஆறுதல் கிடைத்தது என்று கேட்போம். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதில் மட்டும் எங்களுக்குச் சமரசம் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் பிடித்த தீக்கு 28 பேர் பலியானார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது. அதற்குப் பிறகும், 2023 பிப்ரவரியில், இதே விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் குண்டலப்புலியூரில் ஒரு காப்பகத்திலிருந்து மனநோயாளிகள் உட்படப் பலரை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவர்களிடம் முன்பே யாராவது தனியாகப் பேசியிருக்கலாம்.

நாங்கள் மருந்துக்கு எதிரிகள் அல்ல. மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, கரும்பு வெட்டப் போக முடியவில்லை என்றால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கையை மருத்துவர் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உடனடிச் சிகிச்சைதான் முதலில். தெளிந்த பிறகு முடிவு சிகிச்சை பெறுபவர் கைக்கே திரும்ப வேண்டும். சாகத் தோன்றுகிறது என்பவர்கள் எங்கள் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 அல்லது 104-ஐ அழையுங்கள்.

எங்கள் முதல் வேலை முன்கூட்டிய அறிவுறுத்தலைத் தமிழில் எழுத உதவுவது. பின்னாளில் நோய் முற்றினால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று வயது வந்த எவரும் எழுதி வைக்க அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமை தருகிறது. சார்பில் பேசுபவர் கணவராகவோ அண்ணனாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்களிடம் வரும்போது பழைய மருந்துச்சீட்டுகளை எடுத்து வாருங்கள். உடம்புக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை எது, ஒத்துக்கொள்ளாதது எது என்பதையும் அறிவுறுத்தலில் எழுத வேண்டும்.