சிரிக்க வைத்தவன் காதலிக்கக் கூடாதா?

நம்முடைய ரசிகர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது. ஒருவன் ஒருமுறை நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டால் போதும். ஆயுள் முழுவதும் அவன் நமக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவனிடம் அடிமைச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம். அவன் ஒருநாள் குரலைச் சற்றே தாழ்த்தி, 'எனக்குச் சொல்ல வேறொரு விஷயமும் இருக்கிறது' என்று ஆரம்பித்தால், நாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

டைரக்டர் நலன் குமரசாமியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பழக்கத்தை நான் காண்கிறேன். தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியிலிருந்து வந்தவர் அவர். 2013ஆம் ஆண்டு வெளியான 'சூது கவ்வும்' என்ற முதல் படத்திலேயே ஊரைச் சிரிக்க வைத்தார். சட்டதிட்டம் வகுத்துக்கொண்டு ஆள் கடத்தும் ஒரு கூட்டம், நேர்மையாக இருந்து தொலைக்கும் ஒரு மந்திரி, அந்த மந்திரிக்கு வாய்த்த பிள்ளை என்று உலகத்தைத் தலைகீழாக நிறுத்தி வேடிக்கை காட்டினார். மூன்று வருஷம் கழித்து, 2016 மார்ச்சில், 'காதலும் கடந்து போகும்' வந்தது. அதே விஜய் சேதுபதிதான். ஆனால் அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. வேலை தேடும் ஒரு பெண், எதிர் அறையில் குடியிருக்கும் ஒரு ரௌடி, இருவருக்கும் நடுவே பெயர் வைக்கப்படாத ஒரு நேசம். அவ்வளவுதான் கதை.

"நல்ல பலகாரக் கடை நடத்திக்கொண்டிருந்தவர், எதற்காக ஐயா கஷாயக் கடை வைத்தார்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தாமே சிரித்தும் கொண்டார். அவருக்கு வாயால் சொன்ன பதில் போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

'சூது கவ்வு'மில் கதாநாயகனுக்கு ஒரு காதலி உண்டு. ஆனால் அவள் அவனுடைய கற்பனை! அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறவள். அவளுக்குத் தகப்பனார் இல்லை, ஊர் இல்லை, வாடகை கொடுக்க வேண்டிய கவலை இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் சினிமாக் கதாநாயகிகளைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஹாஸ்யத்தை நான் பார்த்ததில்லை. ஆண்மக்களின் மண்டைக்குள்ளே மட்டும் வாழ்ந்து, அவர்கள் நினைத்தபோது வந்து, நினைத்தபோது மறைகிற பொம்மைதானே இத்தனை காலமும் நாம் திரையில் பார்த்த காதலி? ஆனால், இப்படிக் கேலி செய்தவனுக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. 'சரி, நிழலைக் காட்டிச் சிரித்துவிட்டாய். நிஜத்தைக் காட்டு, பார்க்கலாம்' என்று அவனுடைய மனச்சாட்சியே அவனைக் கேட்கும். இரண்டாவது படத்தில் நலன் அந்தக் கடனைத் தீர்த்தார்.

அந்த யாழினி யார்? எங்கள் ஜில்லாப் பெண். விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகிறவள். பெற்றோருக்கு அவள் போவதில் சம்மதமில்லை. போன இடத்தில் வேலை கொடுத்த கம்பெனி மூடப்படுகிறது. கையிலிருக்கும் காசுக்கு ஏற்றபடி வேறு ஜாகை பார்த்துக்கொள்கிறாள். இண்டர்வியூவுக்கு அலைகிறாள்.

நான் இருப்பது கண்டமங்கலத்தில். கிழக்கே புதுச்சேரி, மேற்கே விழுப்புரம். இரண்டுக்கும் நடுவே போகிற சாலைதான் எங்கள் உலகம். காலை வேளையில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள். தோளில் பையும் கையில் டிபன் டப்பாவுமாக எத்தனை யாழினிகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்! பொறியியல் படிப்புக்காகத் தகப்பன் பட்ட கடன் ஒருபுறம், 'படித்தது போதும், ஜாதகத்தை எடு' என்கிற பாட்டி ஒருபுறம். பட்டணத்தில் வேலை போய்விட்டால் அதை வீட்டுக்குச் சொல்வதா, மறைப்பதா என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் துயரம் எந்தக் காவியத் துயரத்துக்குக் குறைந்தது? இவர்களைச் சினிமா எப்போது பார்த்தது? கிராமத்துப் பெண் என்றால் இடுப்பிலே குடம். பட்டணத்துப் பெண் என்றால் கண்ணிலே கறுப்புக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிற லட்சக்கணக்கான பெண்கள், கதையில் சேர்த்தி இல்லை!

"அதெல்லாம் சரி, ஆனால் அது கொரியாக்காரன் கதைதானே? இதிலே சொந்த அனுபவம் எங்கே வந்தது?" என்று அடுத்த கேள்வி வரும். வாஸ்தவம். 2010இல் வந்த ஒரு கொரியப் படத்தின் தழுவல்தான் இது. தழுவல் என்பதனாலேயே அது சொந்தமாகாது என்றால், கம்பனிடம் போய் யாராவது வழக்குத் தொடுங்கள். கடல் கடந்து வந்த ஒரு விதையை எந்த மண்ணில் ஊன்றுவது என்று தீர்மானிக்கிறானே, அங்கேதான் கலைஞனின் சொந்த மனம் வெளிப்படுகிறது. அந்தக் கதையை அவர் எந்தப் பட்டணத்துப் பங்களாவிலும் கொண்டுபோய் வைத்திருக்கலாம். விழுப்புரத்து நடுத்தர வீடொன்றில் வைத்தார். அதற்காக அந்தப் படத்தில் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. யாழினியின் நாவில் எங்கள் பக்கத்துப் பேச்சு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கலாம். ஆனால், 'பேச்சில் ஊர் போதவில்லை' என்று குறை சொல்வதற்காவது நம் சினிமாவில் ஒரு பெண்ணுக்கு ஊர் கிடைத்ததே!

இன்னொரு நியாயத்தையும் கேளுங்கள். ஸ்ரீதர் 1959இல் 'கல்யாணப் பரிசு' எடுத்துத் தமிழ்நாட்டை அழ வைத்தார். அவரே 1964இல் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தபோது, 'அழ வைக்கத் தெரிந்தவருக்குச் சிரிப்பு எதற்கு?' என்றா கேட்டோம்? பாலையாவையும் நாகேஷையும் பார்த்து நாற்காலியிலிருந்து உருண்டு விழுந்தோம்; இன்றும் விழுகிறோம். கண்ணீரிலிருந்து சிரிப்புக்குப் போகிறவனுக்கு மாலை. சிரிப்பிலிருந்து மெய்யான காதலுக்கு வருகிறவனுக்கு மட்டும் முகச்சுளிப்பா? இது ஒருவழிப் பாதை என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

உலகமே அப்படித்தான் இருந்திருக்கிறது. சாப்ளின் 1923இல் 'எ வுமன் ஆஃப் பாரிஸ்' என்ற காதல் படத்தை எடுத்தார். ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாமல் தலைகாட்டியதைத் தவிர, அதில் அவர் நடிக்கவில்லை. விமரிசகர்கள் போற்றினார்கள். ஜனங்களோ, 'தொப்பியும் தடியும் எங்கே?' என்று தேடி ஏமாந்து திரும்பினார்கள். பல பத்தாண்டுகள் அந்தப் படம் பெட்டிக்குள் கிடந்தது. தாம் மறைவதற்கு ஓராண்டுக்கு முன்னால், 1976இல், அந்தக் கிழவர் அதற்குத் தாமே இசையமைத்து மீண்டும் வெளியிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு கலைஞனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது எது? ஜனங்களின் ஏமாற்றம்தான்.

கதை எழுதுகிற எனக்கும் இந்த முள் தெரியும். 'போன தடவை எழுதினீர்களே, அதே மாதிரி ஒன்று' என்று கேட்காத பத்திரிகை ஆசிரியர் உண்டா? 'அதே மாதிரி' என்பது எழுத்தாளனுக்குக் கொடுக்கிற மரியாதை அல்ல. அவனைக் கட்டிப்போடுகிற தாம்புக்கயிறு.

சிரிக்க வைப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹாஸ்யக்காரன் எட்டி நின்று பார்க்கலாம். காதலை எழுதுகிறவன் கிட்டே போக வேண்டும். எதிரே இருப்பவளுக்கும் பசி உண்டு, பயம் உண்டு, வாடகை பாக்கி உண்டு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவனால் ஒரு வரி எழுத முடியும். 2021இல் 'குட்டி ஸ்டோரி' தொகுப்பில் நலன் எடுத்த பகுதியிலும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவிலுள்ள பொய்யைத்தான் கிட்டே போய்ப் பார்த்தார். இது வழிதவறிய கால் அல்ல. முன்னே வைத்த கால்.

ஆகையால் என் நண்பருக்குச் சொல்கிறேன்: பலகாரக் கடைக்காரர் கஷாயக் கடை வைக்கவில்லை ஐயா. அவர் நம்மை உள்ளே கூப்பிட்டு இலை போட்டிருக்கிறார். இனிப்புப் பொட்டலம் மட்டும் போதும் என்று வாசலிலேயே நிற்பவருக்குச் சாப்பாட்டின் ருசி எங்கே தெரியப்போகிறது?