கதவு திறந்தால் படகு நிற்கும்

ரங்கனதிட்டில் படகு ஏறுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமா?" துடுப்பு போடுகிறவர் காதில் விழாதது மாதிரி இருந்துவிடுகிறார். மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை, கூட்டில் குஞ்சுகளுக்கு நிழல் தர இறக்கையை விரித்தபடி நிற்கிறது. கீழே பாறையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை. படகு கொஞ்சம் அதிகமாக நெருங்கினால் முதலை தண்ணீருக்குள் நழுவிவிடும், நாரை எழும்பிவிடும், குஞ்சுகள் வெயிலில் வதங்கும். அலாஸ்கா கடலில் கூனல் முதுகுத் திமிங்கிலத்தை 100 கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று 2001லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அந்த அளவுகோல் துடுப்பில்தான் இருக்கிறது.

ஆனால் படகோட்டியின் கைக்கு அடங்காத சங்கதி ஒன்று உண்டு. அது ஆற்றின் மேற்புறம் இருக்கும் கண்ணம்பாடி அணையின் கதவு.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலிருக்கும் இந்தத் திட்டுகளே மனிதன் செய்த காரியத்தால் உண்டானவைதான். 17ஆம் நூற்றாண்டில் பாசனத்துக்காகக் காவிரியின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள்; தண்ணீர் தேங்கி, நடுவே திட்டுகள் நின்றன. பறவைகள் குடியேறின. மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி எடுத்துச் சொல்ல, 1940ல் மகாராஜா இதைச் சரணாலயமாக அறிவித்தார்.

அதற்குள் மேலே பெரிய அணை எழும்பிவிட்டது. அதன் கதை தங்கவயலில் ஆரம்பிக்கிறது. சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902ல் சுமார் 147 கி.மீ. கம்பியில் ஓடி கோலார் தங்கவயலுக்குப் போனது. மாரிகுப்பம் மைசூர் மைன்ஸ் போன்ற சுரங்கங்களின் இயந்திரங்களை அது இயக்கியது. பெங்களூர் தெருக்களுக்கே விளக்கு வந்தது 1905ல்தான். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் பாதாளத்தில் பாறை உடைத்த காலம் அது. கோடையில் காவிரி வற்றினால் மின்சாரம் தள்ளாடும். சுரங்கக் கம்பெனிக்குத் தடையில்லாமல் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது, 1911ல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்குவதற்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணங்களில் ஒன்று. மற்றொன்று மண்டியா வயல்கள்.

2001 பிப்ரவரி 28ல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அணைக் கதவுக்கு ஓய்வு இல்லை. மண்டியா கரும்பு, பெங்களூர் குடிதண்ணீர், தமிழ்நாட்டின் பங்கு என்று கேட்பவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாரைக்கு வக்கீல் கிடையாது. ஆனாலும் 2007ல் நடுவர் மன்றம் தன் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. எடுத்து வைத்தது பாராட்டத்தக்கதே. சங்கடம் என்னவென்றால், பறவைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஆற்று ஆலா தாழ்வான பாறையில் வெறும் குழியில் முட்டை இடும். அடைகாக்கும் வாரங்களில் திடீரென்று மட்டம் உயர்ந்தால் முட்டைகள் போய்விடும். மட்டம் ரொம்ப இறங்கினாலும் வினைதான்: திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும், நாய்கள் நடந்தே வந்துவிடும்.

2018லும் 2019லும் மழைக்காலத்தில் அணை நிரம்பி வழிந்தபோது படகுச் சவாரியை நிறுத்தினார்கள். வெள்ளம் மரங்களைச் சாய்த்து, திட்டுகளின் ஓரங்களை அரித்துக்கொண்டு போனது. வனத்துறை மணல் மூட்டைகளை அடுக்கித் திட்டுகளைத் தாங்கிப் பிடிக்கிறது. 2022ல் கர்நாடகத்தின் முதல் ராம்சார் தலமாக ரங்கனதிட்டு சர்வதேசப் பட்டியலில் ஏறியது. அந்தஸ்து வந்ததே தவிர, கதவைத் திறக்கும் நேரத்தைப் பறவையின் நாள்காட்டியோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. முட்டை இடும் மாதங்களில் திறப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். யாருடைய பங்கிலும் ஒரு சொட்டு குறையாது.

வெள்ள நாளில் டிக்கெட் கவுண்டரில் 'படகு இல்லை' என்கிறார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்தபடி கரையில் நடந்து, மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. முதலைகள் வெயில் காய்ந்த பாறைகள் பழுப்புத் தண்ணீருக்கு அடியில்.