கணினி போட்ட கணக்கு



லீவுக்கு இருக்கன்குடி வந்திருக்கும் பேரன் செல்போனில் ஒரு குத்துச்சண்டை லீக் நடத்துகிறான். வெவ்வேறு காலத்து வீரர்களைக் கணினி மோதவிட்டு, ஆண்டு முடிவில் எடைப் பிரிவு வாரியாகத் தரவரிசை போடுகிறது. ஹெவிவெயிட் பட்டியலைக் காட்டி, "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் தாத்தா" என்றான்.

அவனுக்கு ஒரு பழைய கதை சொன்னேன். 1967-இல் அமெரிக்க வானொலியில் இதே விளையாட்டு நடந்தது. 16 ஹெவிவெயிட் வீரர்கள், தீர்ப்பு கணினியுடையது. முகமது அலி காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றார் என்றது. வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தையும் இழந்திருந்த நேரம். அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்கே போட்டார்.

1974-இல் கின்ஷாசாவில், எல்லோரும் அஞ்சிய ஜார்ஜ் ஃபோர்மேனை 8-ஆவது ரவுண்டில் சாய்த்து, 32 வயதில் பட்டத்தை மீட்டார்.

கணினியைக் குறை சொல்லவில்லை. நேற்றைய எண்களைக் கொடுத்தால் நேற்றைய ஆளைத்தான் அது எடைபோடும்.

நானும் அப்படி எடைபோட்டவன்தான். அரையாண்டு மார்க்கைப் பார்த்து ஒருவனிடம், "தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்கத்தான் நீ லாயக்கு" என்றேன், முழு வகுப்பின் முன்னால். மறுவாரம் முதல் அவன் வரவில்லை. உங்களில் பலர் வீட்டு அடுப்பு அந்த வேலையில்தான் எரிந்தது என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, மார்க் போடுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால் வீட்டுக்கு ஒருமுறை வா. மன்னிப்பை நேரில்தான் கேட்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்